முவெட் பேண்ட் குறைந்துவிட்டதா? மறுபடி எழுதுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்துப் பட்டணத்தில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிவம் ஆறு படிக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். படிவம் ஆறின் இறுதித் தேர்வான எஸ்டிபிஎம் பாடங்களைவிட, பல்கலைக்கழகம் போகத் தேவையான ஆங்கிலத் தேர்வான முவெட்தான் வயிற்றைக் கலக்குகிறது என்பார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், அடுப்படியில் மின்னல் எஃப்எம் தமிழ் வானொலி. ஆங்கிலம் பேச வாய்ப்பு எங்கே? முடிவில் பேண்ட் (தரநிலை) 3 என்று பார்த்ததும், “நமக்கு இங்கிலீஷ் வராது” என்று கைப்பேசியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். அடுத்து என்ன செய்வது என்பது அந்த முடிவுத் தாளிலேயே இருக்கிறது.

முதல் படி: பேண்டை விடுங்கள், மதிப்பெண்ணைப் பாருங்கள்

லிசனிங், ஸ்பீக்கிங், ரீடிங், ரைட்டிங் என நான்கு தாள்கள். ஒவ்வொன்றுக்கும் 90, மொத்தம் 360. பேண்ட் 3.0 என்பது 123 முதல் 163 வரை. 164 எடுத்தால் 3.5, 211 எடுத்தால் 4.0, 258 எடுத்தால் 4.5.

ஓர் உதாரணம். லிசனிங் 30, ஸ்பீக்கிங் 45, ரீடிங் 42, ரைட்டிங் 35. கூட்டினால் 152. பேண்ட் 3.0தான், ஆனால் 3.5க்கு வெறும் 12 மதிப்பெண்தான் குறை. ரைட்டிங்கை மட்டும் 47க்கு ஏற்றினாலே போதும். 4.0 வேண்டும் என்றாலோ 59 குறைகிறது. அதற்கு நான்கு தாளிலும் கை வைக்க வேண்டும், மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். இரண்டும் ஒரே வேலை இல்லை. இந்தக் கணக்கைப் போடாமல் டியூஷனுக்குப் பணம் கட்டுவது வீண் என்பது என் கருத்து.

இரண்டாம் படி: எந்த பேண்ட் தேவை?

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யுபியு தளத்தில் நீங்கள் விரும்பும் படிப்பின் சிறப்புத் தகுதியைப் படியுங்கள். படிப்புக்குப் படிப்பு பேண்ட் மாறும். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை நம்ப வேண்டாம். முவெட் முடிவு ஐந்து ஆண்டுகள் செல்லுபடியாகும். ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தேர்வு நடப்பதால், யுபியு விண்ணப்பம் மூடுவதற்குள் முடிவு கைக்கு வரும் தேர்வாகப் பார்த்து, மலேசியத் தேர்வு மன்றத்தின் தளத்தில் பதியுங்கள்.

மூன்றாம் படி: ரைட்டிங்கில் தொடங்குங்கள்

எல்லாரும் முதலில் அகராதியைத் திறந்து கடினமான சொற்களை மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தவறாகப் போட்ட பெரிய சொல்லைவிட, சரியாகப் போட்ட சின்னச் சொல்லுக்குத்தான் மதிப்பெண்.

ரைட்டிங் 75 நிமிடம், இரண்டு கேள்விகள். முதலாவது, வந்த மின்னஞ்சலுக்கோ கடிதத்துக்கோ குறைந்தது 100 சொற்களில் பதில். அதில் கொடுத்திருக்கும் குறிப்புகள் ஒவ்வொன்றையும் தொட வேண்டும். ஒன்றை விட்டாலும் நட்டம். எழுதி முடித்ததும் குறிப்புகளை ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பாருங்கள். இதற்கு 25 நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, குறைந்தது 250 சொற்களில் கட்டுரை. நம் பிள்ளைகள் பொதுவாகத் தடுக்கி விழுவது இங்கேதான். ஐந்து காரணங்களை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியாக அடுக்குவார்கள். இரண்டே காரணம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று விளக்கி, நம் ஊர் உதாரணம் ஒன்று கொடுங்கள். பொதுப் போக்குவரத்து பற்றிக் கேட்டால், லண்டன் ரயில் எதற்கு? தோட்டத்திலிருந்து ஈப்போவுக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருப்பதை எழுதுங்கள். தெரிந்ததை எழுதும்போது இலக்கணமும் அவ்வளவாகத் தடுமாறாது.

வாரம் இரண்டு கட்டுரை போதும். ஆனால் திருத்திய பிறகு அதே கட்டுரையை மறுபடி எழுத வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. பலன் தருவது இதுதான். உங்கள் பிழைகளை ஒரு சிறு நோட்டில் குறித்து வாருங்கள். நேற்று நடந்ததை ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்று எழுதுவது, ‘டிஸ்கஸ் அபவுட்’ போடுவது என்று அதே நாலைந்துதான் திரும்பத் திரும்ப வரும். ஆங்கில ஆசிரியரிடம் கூச்சப்படாமல் தாளை நீட்டுங்கள். “சார், இதை மட்டும் பாருங்க” என்றால் மறுக்கிறவர்கள் குறைவு.

நான்காம் படி: ஸ்பீக்கிங்குக்கு நால்வர் சேருங்கள்

தேர்வில் நால்வர் ஒரு குழு. முதலில் ஆளுக்கு இரண்டு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் பேச வேண்டும். பிறகு குழு விவாதம். ஆகவே தனியாகக் கண்ணாடி முன் பேசுவது பாதி பயிற்சிதான். கோயில் மண்டபமோ மாமாக் உணவுக்கடையோ, வாரம் ஒருமுறை நால்வர் கூடுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

மரியாதைக்காக மற்றவர் முடிக்கட்டும் என்று காத்திருப்பது நம் பழக்கம். விவாதத்தில் அது ஆகாது. அடுத்தவர் சொன்னதைப் பிடித்து, ஏற்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று தொடங்கி, உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள். பேசாமல் இருப்பவரிடம் கேள்வி கேட்பதும் விவாதத்தில் பங்கெடுப்பதுதான்.

ஐந்தாம் படி: ரீடிங், லிசனிங்

ரீடிங்கில் 75 நிமிடத்துக்கு 40 கேள்விகள். எதையும் காலியாக விடாதீர்கள். பழைய தாள்களை நேரம் வைத்துச் செய்யுங்கள். பதில் தவறானால், சரியான விடை எந்த வரியில் இருந்தது என்று விரல் வைத்துக் காட்டும் வரை விடாதீர்கள். லிசனிங்குக்கு டிராக்ஸ் எஃப்எம் வானொலியில் ஆங்கிலச் செய்தி கேளுங்கள், ஆங்கிலப் படம் பார்த்தால் தமிழ் வசனவரியை அணைத்துவிடுங்கள். ஒலிப்பதிவு தொடங்கும் முன் கேள்விகளைப் படித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று: ஸ்பீக்கிங்கும் எழுத்துத் தாள்களும் வெவ்வேறு நாளில் வரும். பதிவுத் தாளில் இரண்டு தேதியையும், தேர்வு மையத்தையும் பார்த்து, அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். மையம் வேறு ஊரில் என்றால் காலை பஸ்ஸை நம்பாதீர்கள். கொண்டுபோய் விட ஆள் யார் என்று முந்தின வாரமே வீட்டில் பேசிவிடுங்கள்.