‘சரிசெய்யவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்

கோவை காந்திபுரத்தில், பழுதான டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்டுத் தரும் எங்கள் கடைக்குப் புதிதாக வந்த பையன், போன வாரம் ஒரு பழுதான ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினான். பிழை இருக்கிறது, சரிசெய்யவா என்று விண்டோஸ் கேட்டது. அவன் ‘சரி’யைத் தட்டுவதற்குள் கையைப் பிடித்துவிட்டேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதைத் தட்டியவன் நான்.

பேக்கப் வையுங்கள், டிஸ்க்கைக் கீழே போடாதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. பழுதான பிறகு, மீட்கிறேன் என்று செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

படி எடுக்காமல் செக் டிஸ்க் ஓட்டுவது

அந்தச் ‘சரி’யைத் தட்டினால் ஓடும் விண்டோஸ் கருவிதான் செக் டிஸ்க். அதன் வேலை உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அல்ல. டிஸ்க்கின் கணக்கை நேர்செய்வது. கணக்கில் ஒட்டாத பதிவுகளை வெட்டிவிடும். பெயரிழந்த துண்டுகளை ஃபவுண்டு.000 என்ற கோப்புறையில், சிஎச்கே என்று வால் ஒட்டிக் கொட்டிவிடும். இத்தனையையும் சாகக் கிடக்கும் டிஸ்க்கின் மேலேயே எழுதும்.

திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் நான்கு ஆண்டு எம்பிராய்டரி டிசைன்களைக் கொண்டுவந்தார். மறுநாள் சாம்பிள் அனுப்ப வேண்டும் என்று எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். அவசரத்தில் செக் டிஸ்க் ஓட்டினேன். முடிந்தபோது டிசைன் கோப்புறையைக் காணோம். சிஎச்கே குப்பை மட்டும் இருந்தது. புத்தி வராமல் இன்னொரு முறை ஓட்டினேன். பாதியில் ‘டிக், டிக்’ என்று சத்தம். தட்டைப் படிக்கும் முனையான ஹெட் போய்விட்டது. அவர் திட்டவில்லை. ‘கூலி எவ்வளவுங்கண்ணா?’ என்று கேட்டார்.

முதலில் டிடிரெஸ்க்யூ என்ற படியெடுக்கும் மென்பொருளில் முழு டிஸ்க்கையும் படி எடுங்கள். அது நன்றாகப் படிக்கும் இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பின் பெயரைக் கட்டளையில் கொடுக்க மறக்காதீர்கள் (பையன்கள் மறப்பார்கள்); அது இருந்தால்தான் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நல்ல நிலையில் உள்ள ஒரு டெராபைட் டிஸ்க் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். நோயாளி டிஸ்க் மூன்று நாள்கூட இழுக்கும். இழுக்கட்டும். மீட்பு மென்பொருளை அந்தப் படியில் ஓட்டுங்கள். ஆனால் சத்தம் வரும் டிஸ்க்கில் இதையும் முயல வேண்டாம், உடனே அணைத்துவிடுங்கள்.

மீட்டதை அதே டிஸ்க்கில் சேமிப்பது

தேடுவதன் மேலேயே எழுதுகிறீர்கள்.

ஃப்ரீசரில் வைப்பது

குளிரவைத்தால் டிஸ்க் ஓடும் என்று நம்பி வைப்பார்கள். வெளியே எடுத்ததும் ஈரம் பூக்கும். வேண்டாம்.

போர்டை மட்டும் மாற்றுவது

டிஸ்க்கின் அடியில் உள்ள சர்க்யூட் போர்டுதான் போய்விட்டது என்று நினைத்து, அதே மாடல் போர்டு உக்கடத்தில் பழைய சாமான் கடையில் கிடைத்தது என்று மகிழ்ச்சியோடு வருவார்கள். அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் போர்டில் உள்ள ரோம் சிப்பில் இருக்கின்றன. அந்தச் சிப்பைப் பழைய போர்டிலிருந்து எடுத்துப் பற்றவைக்காவிட்டால், பெரும்பாலான புதிய டிஸ்க்குகள் எழுந்திருக்காது.

எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்க் என்று நினைப்பது

எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு கிடையாது, சிப்புகள்தான். கோப்பை அழித்ததும் கணினி ‘ட்ரிம்’ என்ற கட்டளையை அனுப்பும். அந்த இடத்தை எஸ்எஸ்டி தானாகவே துடைக்கத் தொடங்கும். நீங்கள் எதையும் திறந்திருக்க வேண்டியதில்லை, மின்சாரம் இருந்தால் போதும். தவறு தெரிந்த நொடியே இணைப்பைப் பிடுங்குங்கள். அப்போதும் பல நேரங்களில் காலம் கடந்திருக்கும். நான் கூலி வாங்காமல் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இவற்றைத்தான்.