வைட் ரிசீவரை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவருக்கு முதலில் பிடித்துப்போவது பெரும்பாலும் வைட் ரிசீவர்தான். ஓரத்திலிருந்து ஓடி, குவாட்டர்பேக் வீசும் பந்தை எம்பிப் பிடிப்பவர். மற்ற இடங்களில் ஆடுபவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பிடிபடவே ஒரு சீசன் ஆகும். இவர் செய்வது முதல் ஆட்டத்திலேயே புரிந்துவிடும். அதனாலேயே இவர்களைப் பற்றி அவசரத் தீர்ப்புகளும் அதிகம். இவர் பெரிய ஆள், அவர் தேறமாட்டார், இன்னொருவர் கதை முடிந்தது என்று சொல்வதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்: ரிசீவரின் எண்களை அவர் ஒருவர் சம்பாதித்ததாக எடுத்துக்கொள்வது. கிரிக்கெட்டில் பேட்ஸ்மேன் எவ்வளவு மட்டமான அணியில் இருந்தாலும் பந்து அவரிடம் வந்தே தீரும். ரிசீவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தன்னைக் காவல் காப்பவரை ஏமாற்றிவிட்டுத் தனியாக நின்று கையைத் தூக்கினாலும், குவாட்டர்பேக் அந்தப் பக்கம் திரும்பாவிட்டால் கணக்கில் ஒன்றும் ஏறாது.

ராண்டி மாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் ஓக்லாந்து ரெய்டர்ஸில் அவர் பிடித்தவை 42 பந்துகள், அவற்றால் அணி முன்னேறிய தூரம் 553 யார்டு, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி சேர்த்த டச்டவுன் 3. 29 வயது. ஆள் ஓய்ந்துவிட்டார் என்று பலரும் முடிவுகட்டினார்கள். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்றே ஒன்றைக் கொடுத்து நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அவரை வாங்கியது. 2007இல் 98 பந்துகள், 1,493 யார்டு, 23 டச்டவுன்! ஒரே சீசனில் ஒரு ரிசீவர் பிடித்த டச்டவுன்களில் இன்றும் அதுதான் சாதனை. இடையில் கூடியது ஒரு வயது. மாறியது பந்து வீசுபவர், டாம் பிரேடி. ஓக்லாந்தில் மாஸ் முழு மனதோடு ஆடவில்லை என்ற விமர்சனமும் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மனது மட்டும் மாறி 23 வந்துவிடாது.

அணி மாறாதவரிடமும் இதைப் பார்க்கலாம். லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் 17 சீசன்களும் அரிசோனா கார்டினல்ஸிலேயே ஆடியவர். கர்ட் வார்னர் வீசிய 2008இல் 1,431 யார்டு, 12 டச்டவுன். அந்த சீசனின் பிளேஆஃப் ஆட்டங்களில் மட்டும் இன்னும் 7. வார்னர் ஓய்வு பெற்றபின் குவாட்டர்பேக்குகள் வந்து வந்து போனார்கள். 2012இல் ஒரே சீசனில் நான்கு பேர் தொடக்க குவாட்டர்பேக்காக இறங்கினார்கள். அந்த ஆண்டு ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு 798 யார்டு, 4 டச்டவுன். சரி, வயதாகிவிட்டது என்று வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டு கழித்து, 32 வயதில், கார்சன் பால்மர் வீச 109 பந்துகள் பிடித்தாரே, அதை எங்கே வைப்பது? எண்களின் பட்டியலைத் திறக்கும்போது அந்தந்த ஆண்டு வீசியவரின் பெயரைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது, காலம் பார்க்காமல் ஒப்பிடுவது. 1977இல் இந்த அணிகள் ஆடும் என்.எஃப்.எல். லீக்கிலேயே அதிக யார்டு எடுத்தவர் டாலஸ் கவ்பாய்ஸின் ட்ரூ பியர்சன். எவ்வளவு தெரியுமா? 870. இன்று 870 யார்டு எடுக்கும் ரிசீவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்போது சீசனுக்கு 14 ஆட்டங்கள்தான். அதோடு, காவல் காப்பவர் ரிசீவரைக் களம் நெடுகத் தள்ளியும் மறித்தும் படுத்தலாம். 1978இல் இரண்டும் மாறின. ஐந்து யார்டைத் தாண்டினால் ரிசீவரைத் தொடக்கூடாது என்று விதி வந்தது. ஆட்டங்கள் 16 ஆயின. 2021 முதல் 17. ஆயிரம் யார்டு என்பதை இன்னும் ஒரு மைல்கல்லாகப் பேசுகிறார்கள். 14 ஆட்டங்களில் அதற்கு ஆட்டத்துக்கு 71 யார்டுக்கு மேல் வேண்டும். 17 ஆட்டங்களில் 59 போதும். அண்மைக் காலத்திலும் இந்தக் கணக்கு உதவும். 2012இல் கால்வின் ஜான்சன் எடுத்த 1,964 யார்டும் 2021இல் கூப்பர் கப் எடுத்த 1,947 யார்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். முன்னது 16 ஆட்டங்களில், பின்னது 17இல்.

ஜெர்ரி ரைஸ் மட்டும் எந்தக் காலத்துக் கணக்கிலும் அடங்காதவர். 1,549 பந்துகள், 22,895 யார்டு. 1987இல் வேலைநிறுத்தத்தால் அவர் ஆடியது 12 ஆட்டங்கள்தான். அதிலேயே 22 டச்டவுன் பிடித்தார். மாஸின் 23ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ரைஸின் 22தான் பெரிதாகத் தெரிகிறது.

வேகத்தில் மயங்குவது ரசிகர்கள் மட்டும் செய்யும் தவறல்ல, அணிகளே செய்வது. டிராஃப்டுக்கு முன் நடக்கும் தேர்வு முகாமில் 40 யார்டு ஓட்டம் என்று ஒன்று உண்டு. 2017இல் ஜான் ராஸ் அதை 4.22 விநாடியில் ஓடி அப்போதைய சாதனையை முறியடித்தார். சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரை 9ஆம் தேர்வாக எடுத்தது. முதல் சீசனில் அவர் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. காயங்களும் அவரை விடவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே முகாமில் 4.62 ஓடிய கூப்பர் கப் மூன்றாம் சுற்றில், 69ஆவதாகப் போனார். மேலே சொன்ன 1,947 யார்டு அவருடையது. அந்த சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலின் ஆட்டநாயகனும் அவரே. ஓடும் பாதையில் எங்கே வேகத்தைக் குறைத்து எங்கே திரும்புவது என்ற சூட்சுமம் நேர்கோட்டு ஓட்டத்தில் தெரியாது.

டிராஃப்ட் வரிசையும் அப்படித்தான். பின்னால் பெரிய ரிசீவர்களாகப் பெயரெடுத்த அன்டோனியோ பிரவுன் 195ஆவது, புக்கா நக்குவா 177ஆவது. நக்குவா 2023இல் முதல் சீசனிலேயே 1,486 யார்டு எடுத்து, 1960 முதல் நின்ற அறிமுக ஆண்டுச் சாதனையை உடைத்தார்.

அதற்காக முதல் ஓரிரு ஆண்டுகளையே அளவுகோலாக வைத்துக்கொள்ளவும் கூடாது. டவான்டே ஆடம்ஸ் இரண்டாம் ஆண்டான 2015இல் 483 யார்டு, ஒரே ஒரு டச்டவுன். கணுக்கால் காயத்தோடு ஆடினார், கைக்கு வந்த பந்துகளையும் நழுவவிட்டார். அவருடைய அப்போதைய அணியான கிரீன் பேயின் ரசிகர்கள் பலர் அவரைக் கைகழுவச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு 12 டச்டவுன், 2020இல் 18. அப்புறம், நழுவவிட்ட பந்துகளை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக எண்ணுகிறது. அந்த எண்ணை வைத்து யாரும் சண்டை போடாதீர்கள்.

இனி பணம். ஒப்பந்தத் தொகையை அப்படியே நம்புவது செய்தியாளர்களும் சளைக்காமல் செய்யும் தவறு. 2022இல் ஆடம்ஸ் ரெய்டர்ஸுக்கு மாறியபோது ஐந்து ஆண்டு, 14 கோடி டாலருக்கு மேல் என்று தலைப்புகள் வந்தன. அதில் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் ஆண்டுக்கு 3.6 கோடிக்கு மேல். உத்தரவாதம் இல்லாத பணம் அது. அந்த ஆண்டுகள் வருவதற்குள் அவர் நியூயார்க் ஜெட்ஸுக்குக் கைமாறி, 2025 மார்ச்சில் விடுவிக்கப்பட்டார். அந்தப் பணம் அவர் கைக்கு வரவே இல்லை. மொத்தத் தொகையைத் தள்ளிவிட்டு உத்தரவாதத் தொகையைத் தேடுங்கள். இன்னொரு பக்கம், டிராஃப்டில் வந்தவரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. மூன்று சீசன் முடியும் வரை அணியோடு புதிதாகப் பேச விதி இடம் தராது. ஐந்தாம் சுற்றில் வந்த நக்குவாவின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 40 லட்சம் டாலர்தான். கோடிகளைப் பார்க்கும் முன்பே பலருடைய ஆட்டக்காலம் முடிந்துவிடுகிறது.

கடைசியாக ஒன்று. நீண்ட காலம் ஆடுவதையே பெருமையின் அளவாகக் கொள்வது. ரைஸ் 20 சீசன் ஆடினார், அது அவர் உடம்பு. கால்வின் ஜான்சன் ஒன்பதே சீசன் ஆடி, 2015 சீசன் முடிந்ததும் 30 வயதில் விலகினார். உடம்பு தாங்கவில்லை. கைவசம் இன்னும் பல ஆண்டு இருந்தது என்று அப்போது அங்கலாய்த்தவர்கள் நிறைய. அவர் வாங்கியிருந்த கையெழுத்து போனஸில் ஒரு பகுதியை, பத்து லட்சம் டாலருக்கு மேல், அவருடைய டெட்ராய்ட் லயன்ஸ் அணி திருப்பி வாங்கிக்கொண்டது. ஓய்வுக்குப் பின் ஐந்து ஆண்டு காத்திருந்தால்தான் சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் பெயர் பரிசீலிக்கப்படும். பெரிய ரிசீவர்கள் பலருக்கு அதற்கு மேலும் பல ஆண்டு ஆகியிருக்கிறது. ஜான்சன் 2021இல், முதல் வாய்ப்பிலேயே, தேர்வானார்.