நாலு குடும்பமாக கிராண்ட் கேன்யன் போகிறீர்களா? வண்டியிலும் தங்குமிடத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் பிறந்தால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது கேட்பார்கள்: "மெமோரியல் டேக்கு எல்லாருமா கிராண்ட் கேன்யன் போலாமா?" மே கடைசியில் வரும் நீண்ட வார இறுதி விடுமுறை அது. பத்தே நிமிடத்தில் பன்னிரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிவிடுவார்கள். ஒருவர் லாஸ் வேகாஸுக்கு விமான டிக்கெட் விலையைப் போடுவார். இன்னொருவர் ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய மணற்பாறைப் பிளவின் ஆரஞ்சு நிறப் படத்தைப் போடுவார். ராத்திரி எங்கே படுக்கப் போகிறோம் என்ற கேள்வி மூன்று வாரம் கழித்துத்தான் எழும். அதற்குள் பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் நாலு அறை சேர்ந்தாற்போலக் கிடைக்காது.

நான் அரிசோனாவில் பல வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா, கைக்குழந்தை, பதின்வயதுப் பிள்ளைகள் என்று பலவகைக் கூட்டத்தோடு இந்தச் சாலைகளில் போயிருக்கிறேன். நான் பார்த்தவரை, கெட்டுப்போன பயணங்கள் பெரும்பாலும் இந்த வரிசைக் குழப்பத்தால்தான் கெட்டன. படுக்கை முதலில், வண்டி அதற்கு அப்புறம், பார்க்கும் இடங்கள் கடைசியில். இப்படி வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் வராது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: எல்லாரும் ஒரே இடத்தைத்தான் சொல்கிறோமா? கிராண்ட் கேன்யன் என்ற பெயரில் மூன்று வெவ்வேறு ஊர்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாம் படங்களில் பார்க்கும் காட்சிகளில் பெரும்பாலானவை தெற்கு விளிம்பு. ஸ்கைவாக் என்ற கண்ணாடிப் பாலம் இருப்பது கிராண்ட் கேன்யன் வெஸ்டில். அது ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம். தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது, அங்கிருந்து தெற்கு விளிம்புக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். வடக்கு விளிம்போ, தெற்கிலிருந்து பார்த்தால் எதிரே 10 மைலில் தெரியும். சாலையில் 200 மைலுக்கு மேல் சுற்றிப் போக வேண்டும். குளிர்காலத்தில் அந்தச் சாலையை மூடிவிடுவார்கள். அங்கிருந்த பழைய லாட்ஜும் 2025 ஜூலையில் காட்டுத்தீயில் எரிந்துபோனது. குழுவில் ஒருவர் ஸ்கைவாக்கையும் இன்னொருவர் தெற்கு விளிம்பையும் மனதில் வைத்துக்கொண்டு ஒரே தேதிக்குச் சரி என்று சொல்லியிருப்பார்கள். முதல் அழைப்பிலேயே இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

படுக்கை

தெற்கு விளிம்பில் பூங்காவுக்குள்ளேயே லாட்ஜுகள் இருக்கின்றன. 1905ல் திறந்த எல் டோவர் அதில் பழையது. இவற்றுக்கு 13 மாதம் முன்பே பதிவு தொடங்கிவிடும். அது கிடைக்காவிட்டால் பூங்கா வாசலை ஒட்டி டுசாயன், விளிம்பிலிருந்து 7 மைல். அதற்கு அப்புறம் வில்லியம்ஸ், 60 மைல். ஃபிளாக்ஸ்டாஃப், 80 மைல். தேடும்போது இவை எல்லாமே "கிராண்ட் கேன்யன் அருகில்" என்றுதான் வரும். ஜூன் மாதத்தில் அங்கே ஐந்தேகால் மணி வாக்கில் சூரியன் உதித்துவிடும். ஃபிளாக்ஸ்டாஃபில் தங்கி அதைப் பார்க்க வேண்டுமானால், மூன்று மணிக்குக் குழந்தைகளை எழுப்பி மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும். நாலு குடும்பத்துப் பதினான்கு பேரை மூன்றரைக்குக் கிளப்புவது நடக்கிற காரியம் இல்லை. அறை வாடகை 60 டாலர் கூடினாலும் ஒரு ராத்திரியாவது டுசாயனில் தங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அடுத்த ஆசை, எல்லாருக்குமாக ஒரே பெரிய வீடு. இது நல்ல ஆசைதான். ராத்திரி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதற்குத்தானே கூட்டமாகப் போகிறோம். ஆனால் அந்த ஒரே வீட்டில் ஐந்து நாளும் இருந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று நினைப்பது தவறு. யூட்டாவில் கனாப் என்ற ஊரில் அப்படி வீடு எடுத்தால் ஸையான் தேசியப் பூங்காவும், ஆன்டிலோப் கேன்யனை ஒட்டிய பேஜ் என்ற ஊரும் வசதி. தெற்கு விளிம்புக்குப் போக மட்டும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், திரும்ப இன்னொரு மூன்றரை. ஒருமுறை அப்படிச் செய்தோம். விளிம்பில் இருந்தது மூன்று மணி நேரம், காரில் இருந்தது எட்டு மணி நேரம். என் மாமியார் அன்று முழுக்க ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மறுநாள் காலை கால் வீங்கியிருந்தது. இரண்டு இடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: தெற்கே டுசாயன் அல்லது ஃபிளாக்ஸ்டாஃப், வடக்கே கனாப் அல்லது பேஜ்.

பதிவை ரத்து செய்யும் விதியையும் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 2024 ஆகஸ்ட் கடைசியில் பூங்காவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் பல இடங்களில் உடைந்து, செப்டம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டே விடுமுறை முழுக்கத் தெற்கு விளிம்பின் லாட்ஜுகளில் யாரும் இரவு தங்க முடியாமல் போனது. அப்புறம், கட்டைவிரலைக் கணக்கில் எடுக்காதீர்கள். முன்பணம் அனுப்பியவர்தான் வருகிறவர்.

வண்டி

பதினான்கு பேர் என்றதும் பதினைந்து சீட் வேன் எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். எல்லாரும் ஒரே வண்டியில், பாட்டுப் பாடிக்கொண்டு. நான் இதற்கு ஒப்புக்கொள்வதில்லை. இந்த வகை வேன்களில் பத்துப் பேருக்கு மேல் ஏறினால் கவிழும் ஆபத்து வெகுவாகக் கூடுகிறது என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் பல வருடமாக எச்சரித்துவருகிறது. பின்சக்கரத்துக்கு அப்பால் வண்டி நீண்டிருக்கும். ஆளும் பெட்டியும் ஏற ஏற எடை பின்னாலும் மேலேயும் போகும். கூரையில் பெட்டி கட்டினால் இன்னும் மோசம். தினமும் சின்னக் கார் ஓட்டிப் பழகியவர் முதல்முறையாக இதை ஓட்டுவது, பாலைவனக் காற்று பக்கவாட்டில் அடிக்கிற சாலையில். போதாததற்கு, நாம் கையில் வைத்திருக்கும் கிரெடிட் கார்டின் வாடகைக் கார் காப்பீடு பல சமயம் இவ்வளவு பெரிய வேனுக்குச் செல்லாது.

படுக்கையும் சமையலறையும் உள்ள ஆர்வி வண்டியும் அப்படித்தான். ஸையானின் கிழக்கு வாசலுக்குப் போகும் 1.1 மைல் நீளச் சுரங்கப்பாதை 1930ல் அன்றைய கார்களுக்காக வெட்டியது. பெரிய வண்டிகள் வந்தால் எதிர்ப்பக்கப் போக்குவரத்தை நிறுத்தித்தான் விட்டுவந்தார்கள். 2026 ஜூன் முதல் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட வண்டிகளை அந்தச் சாலையிலேயே விடுவதில்லை என்று பூங்கா அறிவித்திருக்கிறது. உயரத்துக்கு எல்லை 11 அடி 4 அங்குலம், அகலத்துக்கும் நீளத்துக்கும் எடைக்கும் தனி எல்லைகள் உண்டு. சுற்றிப் போனால் நேரம் கூடும்.

சரி, ஏழு சீட் மினிவேன் இரண்டு எடுத்தால் பதினான்கு பேர் ஆகிறதே? கணக்குச் சரி, பெட்டிகளை மறந்துவிட்டோம். மூன்றாவது வரிசையை நிமிர்த்திய பிறகு பின்கதவுக்கும் சீட்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தை ஒருமுறை கண்ணால் பாருங்கள். பெரிய பெட்டி மூன்றை நிற்க வைக்கலாம். அப்புறம் ஐஸ் பெட்டி யார் மடியில்? அரிசிப் பை அம்மாவின் காலடியில், குக்கர் குழந்தை சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில். இரண்டு குழந்தை சீட் மாட்டிவிட்டால் மூன்றாவது வரிசைக்கு ஏறுவதே பெரியவர்களுக்குச் சிரமம். ஏழு சீட் வண்டிக்கு ஐந்து பேர் என்று வையுங்கள். பதினான்கு பேருக்கு மூன்று மினிவேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓட்டுநர்கள், இரண்டு பேரின் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது ஏதாவது ஆனால் காப்பீடு கைகொடுக்காது. நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் உள்ள மான்யுமெண்ட் வேலியின் 17 மைல் சுற்றுப்பாதை மண் சாலை. தார்ச்சாலையை விட்டு இறங்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அங்கே ஜீப்பில் போங்கள்.

வண்டி மூன்று என்றால் பூங்கா பாஸும் மூன்று. 80 டாலர் வருடாந்திர பாஸ் ஒரு வண்டிக்குத்தான். 2026 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு அந்த பாஸ் 250 டாலர். அவர்கள் அந்த பாஸ் இல்லாமல் வந்தால் கிராண்ட் கேன்யன், ஸையான், பிரைஸ் உட்பட 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதல். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால், யார் எந்தக் காரில் எந்த பாஸோடு வருகிறார்கள் என்பதைப் பூங்காவின் விதியைப் படித்துவிட்டு வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்.

கடிகாரம்

இதில்தான் நாங்கள் நன்றாக மாட்டிக்கொண்டோம். ஒரு ஜூன் மாதம். பேஜில் தங்கியிருந்தோம். மறுநாள் காலை 9.30க்கு மான்யுமெண்ட் வேலியில் ஜீப் பயணம், பதினொரு பேருக்குப் பணம் கட்டியாகிவிட்டது. இரண்டு மணி நேரச் சாலை. ஏழு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குப் போய்விடலாம், அரை மணி நேரம் கையில் இருக்கும். அப்படியே ஏழுக்குக் கிளம்பினோம். போய்ச் சேர்ந்தபோது டாஷ்போர்டு கடிகாரத்தில் ஒன்பது. அங்கே சுவரில் இருந்த கடிகாரத்தில் பத்து. எங்கள் ஜீப் போய் அரை மணி ஆகியிருந்தது. அவர்கள் மேல் தப்பில்லை, பணமும் திரும்பவில்லை.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களைப் போல அரிசோனா கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுவதில்லை. அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ பகுதி தள்ளுகிறது. யூட்டாவும் தள்ளுகிறது. ஆகவே கோடையில் பேஜைவிட மான்யுமெண்ட் வேலியும் கனாபும் ஒரு மணி நேரம் முன்னால். ஆன்டிலோப் கேன்யனும் நவஹோ நிலம்தான், ஆனால் சுற்றுலாக்கள் பேஜ் நேரத்தில் நடக்கின்றன. பேஜ் ஹோட்டலில் ஒரு போன் யூட்டா கோபுரத்தைப் பிடித்து எட்டு என்று காட்டும், பக்கத்து அறையில் இன்னொன்று ஏழு என்று காட்டும். லாஸ் வேகாஸிலிருந்து ஸையானுக்குப் போனால் எந்த மாதமானாலும் ஒரு மணி நேரம் குறைந்துவிடும். நாங்கள் இப்போது திட்டத்தாளில் ஒவ்வொரு நேரத்துக்குப் பக்கத்திலும் அது எந்த ஊர் நேரம் என்று எழுதிவிடுகிறோம். போனில் தானாக நேரம் மாறும் வசதியையும் அணைத்துவிடுகிறோம்.

சாப்பாடும் சாலையும்

சமையலறை உள்ள வீடு எடுப்பவர்களுக்கு ஒரு சங்கதி. ஃபிளாக்ஸ்டாஃபும் தெற்கு விளிம்பும் சுமார் 7,000 அடி உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சாதாரண மின் குக்கரில் வைத்த சோறு மேலே மலர்ந்தும் நடுவில் அரிசியாகவும் இருக்கும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகு நேரம் ஆகும். பிரஷர் குக்கரை எடுத்துப் போங்கள், ஒன்றிரண்டு விசில் கூட விடுங்கள்.

இருட்டிய பிறகு ஓட்டும்படி எந்த நாளையும் போடாதீர்கள். பூங்காவைச் சுற்றி எல்க் மான்கள் சாலைக்கு வரும், நவஹோ பகுதியில் மாடும் குதிரையும் வேலியில்லாமல் திரியும். பல இடங்களில் போன் சிக்னலும் கிடையாது. மூன்று வண்டியும் வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொண்டு, அடுத்து எந்தப் பெட்ரோல் பங்கில் சந்திப்பது என்று பேசிவிட்டுக் கிளம்புங்கள்.

மூட்டுவலி உள்ளவர்கள் இருந்தால் கீழ் ஆன்டிலோப் வேண்டாம், அதில் செங்குத்தான இரும்புப் படிகளில் இறங்க வேண்டும். மேல் ஆன்டிலோப்பின் உள்ளே தரை மணலும் சமதளமும்தான். ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலம் என்பதால், ஆன்டிலோப் நாளுக்கு அடுத்த நாளைக் கொஞ்சம் காலியாக வையுங்கள். வெள்ள அபாயம் என்று அவர்கள் பயணத்தை ரத்து செய்தால், வானம் நீலமாக இருக்கிறதே என்று வழிகாட்டியிடம் வாதாட வேண்டாம். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டிலோப்பில் 11 பேரைப் பலிகொண்ட வெள்ளம், பல மைல் தள்ளிப் பெய்த மழையிலிருந்து வந்தது.