தாமான் செய்தி மடல்: புதிய செயலவையினர் தவிர்க்க வேண்டியவை

சென்ற மாதம் பக்கத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) புதிதாகப் பொறுப்பேற்ற செயலவையினர், தங்கள் குடியிருப்பாளர் சங்கத்தின் முதல் செய்தி மடலை அச்சுக்குக் கொடுக்கும் முன் என்னிடம் காட்டினார்கள். நான்கு பக்கங்கள், கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுத் துப்புரவுப் பணியின் படங்கள், வண்ண முகப்பு என்று அவர்களுடைய உழைப்பு நன்றாகத் தெரிந்தது. மூன்றாம் பக்கத்தைப் புரட்டியதும் எனக்கு மனம் பதைத்தது. ஆண்டுச் சந்தா கட்டாதவர்களின் வீட்டு எண்களும் பெயர்களும் அங்கே இரண்டு பத்திகளாக நின்றன. மூத்தவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் எங்கள் சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவில், பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே பக்கத்தைப் போட்டிருக்கிறேன். எழுத்துப்பிழை, மங்கிய படம் போன்றவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தலைவர் உரையில் தொடங்குவது

முதல் பக்கம் குடியிருப்பாளருக்கு உரியது. தலைவர் கடைசிப் பக்கத்தில் பேசட்டும்.

கூட்டக் குறிப்பை அப்படியே ஒட்டுவது

"லோரோங் (சந்து) 4 கால்வாய் குறித்து ஊராட்சி மன்றத்துக்குக் கடிதம் அனுப்பத் தீர்மானிக்கப்பட்டது" என்ற வரி சங்கத்தின் பதிவேட்டுக்குப் போதும். மழை விட்ட பிறகு அந்த நாற்றத்தை முகர்ந்தபடி சோறு உண்ணும் குடும்பத்துக்கு அந்த வரியால் பயன் இல்லை. கடிதம் என்றைக்குப் போனது, யார் வந்து பார்த்தார்கள், கால்வாயை அடைத்திருந்தது என்ன, மறுபடி எப்போது வருவார்கள் என்று எழுதினால் அந்த லோரோங் முழுவதும் மடலைக் கடைசி வரி வரை படிக்கும்.

சந்தா கட்டாதவர் பெயரை அச்சிடுவது

எங்கள் சந்தா அப்போது ஆண்டுக்கு 60 வெள்ளி (ரிங்கிட்). பாதி வீடுகள் கட்டவில்லை என்ற கோபத்தில், பொருளாளர் கொடுத்த பட்டியலைச் சரிபார்க்காமலே மடலில் சேர்த்தேன். அடுக்குமாடி ஒன்றின் அறிவிப்புப் பலகையில் அப்படி ஒரு பட்டியலைப் பார்த்திருந்தது எனக்குத் துணிச்சல் கொடுத்தது. அந்த ஒப்பீடே தவறு என்பது பிறகுதான் புரிந்தது. அடுக்குமாடிகளுக்கு 2013ஆம் ஆண்டின் ஸ்திராத்தா நிர்வாகச் சட்டம் இருக்கிறது. பராமரிப்புக் கட்டணம் அங்கே உரிமையாளரின் சட்டக் கடமை. நிலுவை வைத்தோர் பட்டியலைக் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட 2015ஆம் ஆண்டின் விதிமுறைகள் இடம் தருகின்றன என்றாலும், அதை மாதந்தோறும் புதுப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. நம்முடைய தரைவீட்டுத் தாமான்களில் இருப்பதோ 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற, விரும்பியவர் சேர்கிற சங்கம். அதில் சேராதவரைக் கடனாளி என்று சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. வீடு வீடாகப் போட்டுவிட்ட தாளை மாதக் கடைசியில் திருத்தவும் வழியில்லை.

மடல் போன அன்று மாலையே கடைசி வரிசை வீட்டுப் பெரியவர் என் வாசலுக்கு வந்தார். அடையாள அட்டையோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த ரசீதை எடுத்து, நான்காக மடித்திருந்ததை நிதானமாகப் பிரித்துக் காட்டினார். பொருளாளரின் கையெழுத்தும் தேதியும் அதில் தெளிவாக இருந்தன. சங்கத்தில் இரண்டு ரசீதுப் புத்தகங்கள் புழங்கியிருக்கின்றன. இரண்டாவது புத்தகம் கணக்கில் ஏறவே இல்லை. "தம்பி, நான் காசு கட்டிட்டேன், இந்தா ரசீது. ஆனா பேரு எல்லா வீட்டுக்கும் போயிருச்சே," என்றார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் போய்விட்டார்.

அடுத்த இதழில் மன்னிப்பை அச்சிட்டோம். அதற்குள் மடல் கேட்டில் செருகியபடியே மழையில் நனைந்து கிடக்கத் தொடங்கியிருந்தது. சந்தா கட்டியவர்கள் வீட்டிலும் அதே நிலைதான். எங்கள் தாமானில் பாதிப்பேர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டில் எல்லார் முன்னிலையிலும் பெயர் சொல்லி ஏசப்பட்ட அனுபவம் அவர்களுக்கோ அவர்களைப் பெற்றவர்களுக்கோ உண்டு. சொந்த வீடு வாங்கிக் குடியேறிய இடத்திலும் அதே குரல் கேட்டால் அவர்கள் ஏன் கதவைத் திறக்க வேண்டும்?

இதையெல்லாம் சொன்ன பிறகும் பக்கத்துத் தாமான் இளைஞர் ஒருவர், "பேரப் போட்டாத்தான் அண்ணே கட்டுவாங்க," என்றார். எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் வாக்கியம் அது. பெயர் போட்ட ஆண்டில் எங்கள் வசூல் ஏறவில்லை. நிலுவையைக் கேட்க வேண்டுமானால், எல்லா ரசீதுப் புத்தகங்களையும் ஒப்பிட்ட பிறகு, அந்த வீட்டுக்கு மட்டும் ஒட்டிய உறையில் கடிதம் கொடுங்கள். மடலில் வரவேண்டியது செலவுக் கணக்கு: புல் வெட்ட எவ்வளவு, பின்சந்து விளக்குக்கு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று பத்து வரி போதும்.

அறிவுரையாகவே எழுதுவது

"சுற்றுப்புறத் தூய்மையைப் பேணுவோம்" என்று எழுதினால் யாரும் எழுந்து ஒரு சட்டியைக்கூடக் கவிழ்க்க மாட்டார்கள். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, பறக்கும் கொசுவாக வளர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது; ஆகவே வாரம் ஒருமுறை பத்து நிமிடம் தேடினால் பெரும்பாலானவற்றை முந்திவிடலாம் என்று காரணத்தோடு எழுதுங்கள். பூந்தொட்டித் தட்டு, குளிர்பெட்டியின் பின்னால் இருக்கும் தட்டு, கூரைத் தண்ணீர்த் தகரம், சாமி மேடையில் மாற்றாமல் விட்ட செம்புத் தண்ணீர் என்று இடங்களைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள்.

ஒரே மொழியில் விடுவது

தாத்தாவுக்குத் தமிழும், தேசியப் பள்ளியில் படித்த பேரனுக்கு மலாயும் வேண்டும்.

ஊரின் கதையை விட்டுவிடுவது

மலாயாவில் செம்பனை (எண்ணெய்ப் பனை) வணிகப் பயிராக முதன்முதலில் நடப்பட்டது 1917ஆம் ஆண்டில், எங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இந்தச் செய்தியை ஆறே வரியில் ஓர் இதழில் போட்டு, அங்கே வேலை செய்தவர்கள் தாமானில் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தோம். நனைந்து கிடந்த மடலை மக்கள் மறுபடி கையில் எடுத்தது அந்த இதழில்தான். மளிகைக் கடையில் நிறுத்தி என் அம்மா அங்கே இருந்தார், என் மாமா அங்கே குலை வெட்டினார் என்று சொன்னார்கள். ஒவ்வொரு இதழிலும் ஒருவர் பேசுவதைக் கேட்டு எழுதினோம். தென்னமரத்தில் நெடுங்காலம் வேலை செய்தவர் கடைசி வரிசை வீட்டுப் பெரியவர் என்று எல்லாருமே சொன்னார்கள். மற்றவர்களை அனுப்பிக் கேட்டுப் பார்த்தேன். உடம்பு முடியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். நானே போய்க் கேட்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.