மறுநாளும் திரியாத சொதி

திருநெல்வேலிப் பக்கம் கல்யாண மறுவீட்டு விருந்துக்கு உரிய, தேங்காய்ப்பாலில் காய்களும் பாசிப்பருப்பும் சேர்த்து வைக்கும் சொதியை எங்கள் வீட்டில் தீபாவளி மதியத்துக்கும் வைப்பது வழக்கம். மதியம் வழவழப்பாக இருக்கும் சொதி, மிச்சத்தை இரவில் சூடாக்கியதும் மேலே எண்ணெயும் அடியில் நீரும் நடுவில் வெள்ளைத் திப்பிகளுமாகத் திரிந்துவிடும்.

தீயைக் குறைத்துப் பார்த்தேன், தாமதமாகத் திரிந்தது. பாசிப்பருப்பைக் கூட்டியும் பயனில்லை. அரிசி மாவு கரைத்து விட்டபோது திரியவில்லை, ஆனால் சொதியின் ருசி போய்க் கஞ்சியாகிவிட்டது.

விஷயம் எலுமிச்சையில் இருந்தது. மதியம் அடுப்பை அணைத்து, சூடு தணிந்த பிறகே சாறு பிழிகிறோம். இரவிலோ அந்தப் புளிப்பு உள்ளே இருக்கும்போதே அடுப்பில் ஏற்றுகிறோம். தேங்காய்ப்பாலின் புரதம் புளிப்பும் கொதியும் சேர்ந்தால் திரண்டு, கொழுப்பைக் கைவிட்டுவிடுகிறது.

ஆகவே, மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய்கள் வெந்து, பருப்பும் இஞ்சி பச்சைமிளகாய் விழுதும் சேர்ந்தவுடன், முதற்பால் விடுவதற்கு முன்பே இரவுக்கு வேண்டியதைத் தனியே எடுத்து, ஆறியதும் அதையும் முதற்பாலில் ஒரு பங்கையும் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறேன். இரவில் அதை நன்றாகக் கொதிக்கவைத்துத் தீயைத் தணித்து முதற்பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கி, பாத்திரத்தைக் கை பொறுக்கும்போது எலுமிச்சை பிழிகிறேன். மதியச் சொதிக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை, பெரிய நிம்மதி.

தொட்டுக்கொள்ளும் இஞ்சிப் பச்சடிக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம். புளியும் வெல்லமும் சேர்ந்த அது மறுநாள்தான் இன்னும் நன்றாக இருக்கும்.