கட்டினேன், ஆனாலும் கடன் ஏறியது: கிரெடிட் கார்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்தி மகன் ஆடித் தள்ளுபடியில் 40,000 ரூபாய்க்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினான். கிரெடிட் கார்டைத் தேய்த்துத்தான். ஆவணி பிறந்து இரண்டு வாரம் ஆனதும் போனை நீட்டிக்கொண்டு வந்தான். "அண்ணே, 2,000 ரூபா கட்டினேன். வேற எதுவும் வாங்கல. ஆனா இந்த மாச பில் போன மாசத்தைவிட அதிகமா இருக்கு. பேங்க்ல தப்பு பண்ணிட்டாங்களா?"

வங்கி தப்புச் செய்யவில்லை. அவன் கட்டியது மினிமம் டியூ, அதாவது பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகை.

கார்டுக் கடனில் மாட்டிக்கொள்கிறவர்களை ஊதாரிகள் என்று பேசிவிடுகிறோம். அது நியாயமில்லை. என் தம்பி ஒரு ரூபாய்க்குக் கணக்குப் பார்ப்பவன். நான் பார்த்தவரை பலரும் சறுக்குவது கடையில் இல்லை, பில் கையில் வரும் நாளில்தான். அதில் இரண்டு தொகைகள் இருக்கும்: மொத்த பாக்கி, மினிமம் டியூ. சின்னத் தொகையைக் கட்டிவிட்டால் இந்த மாதக் கடமை முடிந்தது என்ற நிம்மதி வந்துவிடுகிறது.

அவன் கணக்கையே பார்ப்போம். ஜூலை 20 அன்று வாங்கினான். ஜூலை 30 அன்று பில் போட்டார்கள். கட்ட வேண்டிய கடைசி நாள் ஆகஸ்ட் 19. மினிமம் டியூ பெரும்பாலும் பாக்கியில் 5 சதவீதம், அதாவது 2,000 ரூபாய். அதைக் கட்டிவிட்டான், மீதி 38,000. முழுத் தொகையையும் கட்டியிருந்தால் ஒரு பைசா வட்டி கிடையாது. கட்டாததால் வட்டி ஆகஸ்ட் 19-லிருந்து தொடங்கவில்லை, பொருள் வாங்கிய ஜூலை 20-லிருந்தே தொடங்கிவிட்டது. மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம். ஆகஸ்ட் 30 பில் வரை 41 நாளுக்கு ஏறக்குறைய 1,790 ரூபாய் வட்டி. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, சுமார் 320. ஆக புது பில் 40,100 ரூபாயைத் தாண்டிவிட்டது. கட்டிய 2,000 போன இடம் தெரியவில்லை.

மினிமம் டியூ கட்டினால் தாமதக் கட்டணம் வராது, நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்து ஸ்கோர் போடும் சிபிலில் பணம் கட்டத் தவறியவர் என்று பதிவாகாது. அது தரும் பாதுகாப்பு அவ்வளவுதான். மினிமம் மட்டும் கட்டிவந்தால் கடன் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கையை பில்லிலேயே அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 விதிமுறைகளில் சொல்லியிருக்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை என்பதுதான் வருத்தம். வட்டிக்கு உச்சவரம்பு இருக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது உண்மை. ஆனால் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அதை ரத்து செய்துவிட்டது.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, பாக்கி நிற்கும்போதே அதே கார்டில் மளிகையும் பெட்ரோலும் போடுவது. பழைய பாக்கி இருக்கும்வரை புதுச் செலவுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. இன்று வாங்கிய அரிசிக்கு இன்றிலிருந்தே வட்டி. பாக்கி தீரும்வரை அந்தக் கார்டை பீரோவில் வைத்துப் பூட்டுவது நல்லது. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்தவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். டீக்கடையில் ஸ்கேன் செய்யும்போது பணம் போவது சேமிப்புக் கணக்கிலிருந்தா கார்டிலிருந்தா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் பின் நம்பர் போடுங்கள்.

ஆட்டோ டெபிட் வைத்திருக்கிறேன், எனக்குப் பிரச்சினையில்லை என்பார்கள் சிலர். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மொத்த பாக்கியா, மினிமமா என்று அங்கே தேர்வு செய்ய வேண்டும். மினிமம் என்று விட்டுவிட்டால் நீங்கள் அறியாமலே மாதாமாதம் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

ஏடிஎம்மில் கார்டு போட்டுப் பணம் எடுப்பது வேண்டவே வேண்டாம். எடுத்த உடனே கட்டணம், அன்றிலிருந்தே வட்டி. அதற்கு மாற்றாக, தெரிந்த கடையில் பொருள் வாங்காமலே கார்டைத் தேய்த்து, கமிஷன் போக ரொக்கம் வாங்குவது நம் ஊரில் சகஜமாகிவிட்டது. அது கார்டின் விதிகளுக்குப் புறம்பானது, கண்டுபிடித்தால் கார்டையே முடக்கலாம். ஒரு கார்டில் தேய்த்து இன்னொரு கார்டின் பில்லைக் கட்டுபவர்களுக்கு, ஒவ்வொரு சுற்றிலும் கமிஷன் அளவுக்குக் கடன் பெருகுகிறது.

நண்பருக்காகத் தேய்ப்பதையும் சொல்ல வேண்டும். "மச்சான், தள்ளுபடி உன் கார்டுக்குத்தான் இருக்கு, ஒன்னாம் தேதி தந்துடறேன்" என்பார். அவர் தராவிட்டால் வட்டியும் உங்களுக்கு, சிபில் அடியும் உங்களுக்கு. பணத்தை முதலில் ஜிபேயில் வாங்கிக்கொண்டு தேய்த்தால் நட்பும் பிழைக்கும்.

வட்டியில்லாத் தவணை என்று விற்கும் நோ காஸ்ட் இஎம்ஐயில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்தாலும், அந்த வட்டி மீதான ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். ஒன்றிரண்டு இஎம்ஐ சரி. நாலைந்து சேர்ந்தால் சம்பளம் வந்த அன்றே பாதி காலி. லிமிட் ஒரு லட்சம் இருக்கிறதே என்று 90,000 வரை செலவழிப்பதும் சிபில் ஸ்கோரைக் குறைக்கும். லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் நிற்பது பாதுகாப்பு என்பார்கள். உங்கள் சம்மதமில்லாமல் லிமிட்டை உயர்த்த வங்கிக்கு உரிமையில்லை. அழைப்பு வந்தால் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம்.

சரி, தம்பி என்ன செய்தான்? முதலில் கார்டைப் பர்ஸிலிருந்து எடுத்து வைத்தான். அப்புறம் கஸ்டமர் கேரில் பேசி, பாக்கியைக் குறைந்த வட்டியில் ஆறு மாத இஎம்ஐயாக மாற்றினான். கார்டு வட்டியோடு ஒப்பிட்டால் வங்கியின் தனிநபர் கடன்கூடப் பல நேரம் மலிவு, அதையும் விசாரித்தான். கடைசித் தவணை முடிந்ததும் கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தான். பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அவனுக்கு நாலாம் நாளே மூடிவிட்டதாக மெசேஜ் வந்தது.