வேலூர்ப் பக்கம் அப்பாவுக்கு ஊசி போடப் போகிறவர்களுக்கு

நாள்பட்ட நுரையீரல் நோயோடு அப்பாவோ அம்மாவோ குடியாத்தம் பக்கம் இருந்தால், வெளியூரிலிருந்து லீவில் ஊர் போன முதல் வாரத்திலேயே ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளை முடித்துவிடுங்கள். காதுகுத்து, ரத்னகிரி கோயில் எல்லாம் அப்புறம்.

"அங்கிருந்தே வாங்கிட்டு வா" என்று சித்தப்பா போனில் கேட்பார். முடியாது என்று சொல்லிவிடுங்கள். ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வாலாஜா சுங்கச்சாவடி வெயிலில் பெட்டிக்குள் அது என்ன ஆகும்? ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் வேலூரிலேயே காசுக்குக் கிடைக்கும். ஆனால் மருந்துக்கடையில் நீங்களே வாங்காதீர்கள். வெளியில் வாங்கியதைப் போட மாட்டோம் என்று ஒரு கிளினிக்கில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

அதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் அத்தை. அப்பாவுக்கு இன்ஹேலர் எடுத்துக் கொடுப்பதும், ராத்திரி மூச்சு வாங்கினால் எழுந்து உட்கார வைப்பதும் அவர்தான். "எதிர்வீட்டுப் பெரியவர் ஊசி போட்ட வாரமே போயிட்டாரு. நீ போட்டுட்டு பிளேன் ஏறிடுவ, யாரு பாக்கறது?"

கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஊசியைப் பற்றி மட்டும் சொல்ல முடிந்தது. ஃப்ளூ ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை, அதனால் ஊசியாலேயே ஃப்ளூ வந்துவிடாது. கை வலி, உடம்பு வலி, லேசான காய்ச்சல் வரலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். இந்த நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில், ஊசி போட்டதால் மூச்சுத்திணறல் கூடியதாகத் தெரியவில்லை. கடுமையான ஒவ்வாமை மிக அரிது. அதற்காகத்தான் போட்டபின் கால் மணி, அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். நல்ல காய்ச்சல் இருக்கும்போதோ, இளைப்பு திடீரென்று கூடியிருக்கும்போதோ தள்ளிப்போடுவார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்ல வேண்டும்.

அத்தை தலையாட்டினார். பிறகு பெரிய மாமாவைக் கேட்கணும் என்றார். மாமா அமாவாசை போகட்டும் என்றார். அமாவாசை போனதும் டாக்டர் லீவு. கடைசியில் நான் கிளம்புவதற்கு முந்தின நாள் போட்டோம். காட்பாடியில் ரயில் ஏறும்போது போன்: அப்பாவுக்கு உடம்பு சுடுகிறது. மறுநாளே சரியாகிவிட்டது. ஆனால் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அத்தை சொன்னது அந்த ஒரு ராத்திரியைத்தான். நான் பக்கத்தில் இருந்து பாராசிட்டமால் கொடுத்திருந்தால் அது ஒரு பேச்சாகவே ஆகியிருக்காது.

ஃப்ளூ ஊசி வருடாவருடம் போடணும், மழைக்கு முன்னால் போட்டால் நல்லது. பலன் வர 2 வாரம் ஆகும். நிமோனியா ஊசி வருடாவருடம் போடுவதில்லை. எந்த வகை, இன்னொன்று வேண்டுமா என்று நுரையீரல் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். போட்ட ஊசியின் பெயர், பேட்ச் எண் இருக்கும் சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வையுங்கள். டாக்டரின் நம்பரை அத்தையின் போனில் நீங்களே பதிந்து, ஒருமுறை கூப்பிட்டுப் பேசவும் வையுங்கள்.